சொந்தமா சிஸ்டம் அசெம்பிள் பண்ணா என்ன லாபம்? டெல்டா பக்கம் இருக்கறவங்களுக்கு ஒரு ஆரம்ப விளக்கம்

புதுசா கம்ப்யூட்டர் வாங்கணும், ரெடிமேடா கம்பெனி சிஸ்டம் எடுக்கறதா இல்ல பார்ட்ஸ் வாங்கி அசெம்பிள் பண்றதான்னு எங்க பக்கம் யார்ட்ட கேட்டாலும் "அசெம்பிள் பண்ணுப்பா, காசு மிச்சம்"னுதான் சொல்லுவாங்க. அது பாதி உண்மை, சில சமயம் அந்தப் பாதியும் இல்ல. ஆஃபர் நேரத்துல ரெடிமேடு சிஸ்டம் போடுற விலைக்கு அதே பார்ட்ஸ தனித்தனியா வாங்கவே முடியாம போறதும் உண்டு, அதுவும் 2025 கடைசியில ஏஐ டேட்டா சென்டருக்குன்னு மெமரி சிப்பெல்லாம் அந்தப் பக்கம் போக ஆரம்பிச்சு ராம் விலை தாறுமாறா ஏறுனப்ப, காசு மிச்சம்ங்கற ஒரே கணக்கோட கடைக்குப் போனவங்க முகத்த தொங்கப்போட்டுட்டுதான் வந்தாங்க. என்னக் கேட்டா லாபம் வேற எடத்துல இருக்கு. பொட்டிக்குள்ள என்ன இருக்கணும்னு நீங்களே முடிவு பண்றீங்க, நாளைக்கு அதுல ஒண்ணு போச்சுன்னா அந்த ஒண்ண மட்டும் மாத்துறீங்க. சர்வீஸ் சென்டர் தூரத்துல இருக்கற, வோல்டேஜ் ஏறி எறங்கற, ஒரு சீசனுக்கு தூசி ஒரு சீசனுக்கு ஈரம்னு மாறி மாறி வர்ற நம்ம ஊர்ப்பக்கத்துக்கு இது சின்ன விஷயமே இல்ல.

சரி, பொட்டிக்குள்ள என்னதான் இருக்கு? நம்மாளுங்க மொத்தப் பொட்டியவும் சிபியுன்னு சொல்லுவாங்க, ஆனா பொட்டி பேரு கேபினெட். உள்ள பெரிய பலகை மாதிரி நிக்கறது மதர்போர்டு, மத்த எல்லாமே அதுல போய் மாட்டறதுதான். கணக்கு போடுறது ப்ராசஸர், தீப்பெட்டிய விட சின்னதா சதுரமா இருக்கும், அது தலையில ஒரு ஃபேன் உக்காந்திருக்கும். இப்ப நடக்கற வேலைய கையில வெச்சுக்கறது ராம், கரண்ட் போனா அதுல இருக்கறது போயிடும். ஃபைல சேத்து வெக்கிறது எஸ்எஸ்டி, பழைய சிஸ்டம்னா ஹார்ட் டிஸ்க். வீட்டு கரண்ட்ட வாங்கி 12 வோல்ட், 5 வோல்ட்னு பிரிச்சுக் குடுக்கறது எஸ்எம்பிஎஸ். கேம் விளையாடறவங்க, வீடியோ எடிட்டிங் பண்றவங்களுக்கு தனியா கிராபிக்ஸ் கார்டு. அவ்ளோதான், ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தெரிஞ்ச யாரும் இத மாட்டலாம், சால்டரிங் எல்லாம் கிடையாது.

இது ஏன் இவ்ளோ சுலபமா பொருந்துதுன்னு ஒரு சந்தேகம் வரணும், வந்தா நல்லது. 1981ல ஐபிஎம் தன்னோட பிசிய வெளியிட்டப்ப மத்த கம்பெனியும் அதுக்கு கார்டு, பார்ட்ஸ் பண்ணிக்கற மாதிரி திறந்த அமைப்பா விட்டாங்க, அப்புறம் 1995ல இன்டெல் ஏடிஎக்ஸ்னு ஒரு அளவு முறைய கொண்டுவந்துச்சு, போர்டுல ஸ்க்ரூ ஓட்டை எங்க இருக்கணும், எஸ்எம்பிஎஸ் என்ன சைஸ், கரண்ட் கனெக்டர் எப்படி இருக்கணும்னு எல்லாத்துக்கும் ஒரு வரையறை. எந்தக் கம்பெனி பல்பா இருந்தாலும் நம்ம வீட்டு ஹோல்டர்ல மாட்டிக்கறோம்ல, அந்த மாதிரிதான். ஒரு கம்பெனி போர்டு, இன்னொரு கம்பெனி ராம், மூணாவது கம்பெனி கேபினெட், எல்லாம் ஒத்துப்போகும். ஆனா ரெடிமேடா வர்ற குட்டி சைஸ் ஆபீஸ் சிஸ்டம் நிறையதுல இந்த அளவ விட்டுட்டு தனக்குன்னு ஒரு ஷேப்ல எஸ்எம்பிஎஸ், தனக்குன்னு ஒரு பின் கனெக்டர்னு வெச்சிருப்பாங்க. அது போச்சுன்னா கும்பகோணத்துலயோ மன்னார்குடியிலயோ கடைக்குப் போயி ஒரு எஸ்எம்பிஎஸ் குடுங்கன்னு வாங்கிட்டு வந்து மாட்ட முடியாது, அதே மாடல்தான் வேணும், அது வர்ற வரைக்கும் சிஸ்டம் மேசையில சும்மா கெடக்கும்.

எஸ்எம்பிஎஸ் பத்தி கொஞ்சம் நின்னு பேசணும், ஏன்னா புதுசா வாங்கறவங்க எல்லாரும் ப்ராசஸர் என்ன, கிராபிக்ஸ் கார்டு என்னன்னு யூடியூப் பாத்து மனப்பாடமா சொல்லுவாங்க, எஸ்எம்பிஎஸ் கேட்டா "கேபினெட்டோடயே வருதுல்ல அது போதும்"பாங்க. நம்ம ஊருக்கு அது போதாது. குறுவைக்கு நாத்து விட்டு நடவு ஓடற நேரம், ஜூன் 12 மேட்டூர் திறந்தாலும் தண்ணி கடைமடைக்கு வந்து சேரறதுக்குள்ள ஊர்ல இருக்கற போர் மோட்டார் எல்லாம் மும்முனை கரண்ட் வந்த உடனே ஒண்ணா ஓட ஆரம்பிக்கும், அப்ப வீட்டுல ஃபேன் மெதுவா சுத்தும், டியூப் லைட் கண்ண சிமிட்டும், சிஸ்டம் தானா ரீஸ்டார்ட் ஆகும். விண்டோஸ் கெட்டுப்போச்சுன்னு நெனச்சு ஃபார்மேட் பண்ணுவாங்க, வைரஸ்னு சொல்லுவாங்க, ஆனா கோளாறு இருக்கறது எஸ்எம்பிஎஸ்ல. அதோட பக்கவாட்டுல ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், அத படிங்க. விலை கம்மி ரகத்துல உள்ள வர்ற கரண்ட்டு 200-240 வோல்ட்னு போட்டிருக்கும், அதாவது 200க்கு கீழ போனா அது பொறுப்பில்ல. ஆக்டிவ் பிஎஃப்சின்னு போட்ட நல்ல ரகத்துல பெரும்பாலும் 100-240 வோல்ட்னு இருக்கும், ராத்திரி வோல்டேஜ் 160, 170ன்னு எறங்குனாலும் அது பாட்டுக்கு ஓடும். அதே ஸ்டிக்கர்ல 12 வோல்ட்டுக்கு நேரா எத்தன ஆம்ப்ஸ்னு ஒரு நம்பர் இருக்கும், அத 12ஆல பெருக்குங்க. பேர்ல 450ன்னு பெருசா போட்டிருக்கும், ஆம்ப்ஸ் பாத்தா 14, பெருக்குனா 168 வாட்டு! ப்ராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் தின்னறது எல்லாமே இந்த 12 வோல்ட்லதான், அதனால அந்த நம்பர்தான் நிஜம், மேல போட்டிருக்கறது விளம்பரம். ரெடிமேடு சிஸ்டத்துல இந்த ஸ்டிக்கர கடையிலயே பிரிச்சுப் பாக்க விடமாட்டாங்க, அசெம்பிள் பண்ணா இது நம்ம கையில இருக்கு.

கூடவே எர்த்தும் பாத்துக்கோங்க. கேபினெட்ட தொட்டா சுர்ருன்னு இருக்குதுன்னு நிறைய பேர் சொல்லி கேட்டிருப்பீங்க, சிஸ்டம் கெட்டுப்போச்சுன்னு பயப்படுவாங்க. எஸ்எம்பிஎஸ்குள்ள இருக்கற ஃபில்டர்ல இருந்து கொஞ்சூண்டு கரண்ட்டு எர்த் வயர் வழியா எறங்கணும், பழைய ஓட்டு வீட்டுல எர்த் வயரே இழுக்காம மூணாவது ஓட்டை சும்மா பேருக்கு இருக்கும், எறங்க வழியில்லாம அது கேபினெட் இரும்புல நிக்குது, அதத்தான் தொடறோம். எலக்ட்ரீஷியனக் கூப்பிட்டு எர்த் சரி பண்றதுதான் வழி, காலுக்கு ரப்பர் செருப்பு போட்டுக்கறது வழியில்ல.

யுபிஎஸ் இல்லாம டெஸ்க்டாப் வாங்காதீங்க. வீட்டுல பெரிய பேட்டரி போட்ட இன்வெர்ட்டர் இருக்கே அது போதாதான்னா, அதுல யுபிஎஸ் மோடுன்னு ஒரு சுவிட்ச் இருந்து அது ஆன்ல இருந்தா ஓரளவுக்கு தாங்கும், சாதாரண மோடுல மாறுற அந்த இடைவெளிக்குள்ள சிஸ்டம் ஆஃப் ஆயிடும். 600 விஏன்னு போட்ட சாதாரண யுபிஎஸ் சுமார் 360 வாட்டுதான் குடுக்கும், டேலி, பிரவுசிங் பண்ற சிஸ்டத்துக்கு தாராளம், பெரிய கிராபிக்ஸ் கார்டு போட்டுட்டு அதே யுபிஎஸ்ல மாட்டுனா கரண்ட் போற அதே செகண்ட்ல அதுவும் படுத்துடும்.

இப்ப அடுத்த லாபம், நம்ம வேலைக்கு ஏத்த மாதிரி காசப் பிரிச்சுப் போடறது. ரைஸ் மில்லுல கணக்கெழுத ஒரு சிஸ்டம்னு வெச்சுக்குவோம், டேலி ஓடணும், ஈவே பில் எடுக்கணும், பிரிண்டர் வேலை செய்யணும், இதுக்கு விலை ஒசந்த ப்ராசஸர் எதுக்கு? சாதாரண ப்ராசஸர், 8 ஜிபி ராம், ஒரு எஸ்எஸ்டி, மிச்ச காசுல நல்ல யுபிஎஸ்சும் பேக்கப் எடுக்க இன்னொரு டிஸ்க்கும். ஆனா பட்டுக்கோட்டையில கல்யாணம் காதுகுத்துன்னு வீடியோ எடுக்கற ஸ்டுடியோவுக்கு கணக்கே வேற, அங்க 32 ஜிபி ராம் வேணும், இன்டெல் எடுத்தா பேருக்குப் பின்னாடி எஃப்னு எழுத்து இல்லாத ப்ராசஸரா எடுக்கணும், எஃப் இருந்தா உள்ளயே இருக்கற கிராபிக்ஸ் கிடையாதுன்னு அர்த்தம், அது இருந்தாத்தான் குயிக் சிங்க்ங்கற வசதி வரும், கேமராவுல இருந்து வர்ற வீடியோவ எடிட்டிங்ல ஓட்டறதும் கடைசியா எக்ஸ்போர்ட் பண்றதும் அதால வேகமாகும். பிளக்ஸ் டிசைன் பண்றவங்களுக்கு ஃபைல் சைஸே பெருசு, அவங்களுக்கும் ராம்தான் முதல்ல, கூட கலர் ஒழுங்கா காட்டற ஐபிஎஸ் மானிட்டர், இல்லேன்னா ஸ்க்ரீன்ல பாத்த மஞ்சள் வேற பேனர்ல வந்த மஞ்சள் வேறன்னு கஸ்டமர் சண்டைக்கு வருவாரு. காலேஜ் பையன், படிப்புக்கும் கொஞ்சம் கேமுக்கும்னா ஏஎம்டி கம்பெனியோட ரைசன் 5 5600 ஜி மாதிரி உள்ளயே கிராபிக்ஸ் வர்ற ப்ராசஸர் போட்டு ஆரம்பிச்சுட்டு, வேலைக்குப் போனப்புறம் கார்டு சேத்துக்கலாம். இந்த மாதிரி ப்ராசஸர் ராமைத்தான் கிராபிக்ஸ் மெமரியா எடுத்துக்கும்ங்கறதால 16 ஜிபிய ஒத்தையா போடாம 8, 8ஆ ரெண்டு ராம் போடுங்க, ரெண்டு வழியில டேட்டா ஓடும், கேம்ல வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். ரெடிமேடு சிஸ்டத்துல காசு மிச்சம் பண்ண ஒரே ஒரு ராம் மட்டும் போட்டு அனுப்பறது சர்வ சாதாரணம்.

மொத்தமா இல்லாம கொஞ்சம் கொஞ்சமா ஏத்திக்கறது, அப்கிரேடுன்னு சொல்றாங்களே, அதுக்கு நல்ல உதாரணம் ஏஎம்டியோட ஏஎம்4 சாக்கெட், சாக்கெட்னா போர்டுல ப்ராசஸர் உக்கார்ற எடம். 2016ல வந்தது. 2018ல வந்த பி450 ரக போர்டு ஒண்ணு வாங்கி அப்ப கெடச்ச சின்ன ரைசன் 3 போட்டவங்க, 2022ல வந்த ரைசன் 5 5600ஐ அதே போர்டுல பயாஸ்ங்கற, போர்டுக்குள்ளயே இருக்கற ஆரம்ப சாஃப்ட்வேர மட்டும் அப்டேட் பண்ணிட்டு மாட்டிக்கிட்டாங்க, ராம் மாத்தல, கேபினெட் மாத்தல, விண்டோஸ்கூட திரும்ப போடல. இன்டெல்ல வழக்கமா ரெண்டு தலைமுறைக்கு ஒரு தடவ சாக்கெட் மாத்திடுவாங்க, எல்ஜிஏ 1700 மட்டும் 12, 13, 14ன்னு மூணு தலைமுறைக்கு ஓடுச்சு. இப்ப புதுசா வாங்கறவங்களுக்கு ஏஎம்5, 2022ல வந்தது, 2027 தாண்டியும் ஓட்டுவோம்னு கம்பெனி சொல்லியிருக்கு. அதுல டிடிஆர்5ங்கற புது ரக ராம்தான் போடமுடியும், பழைய டிடிஆர்4 ராம எடுத்துப் போட்டுக்கலாம்னு நெனைக்காதீங்க, நடுவுல இருக்கற வெட்டு வேற எடத்துல இருக்கும், நுழையவே நுழையாது.

2025 அக்டோபர் 14ஓட விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் சப்போர்ட்ட நிறுத்துனப்பவும் இந்த வித்தியாசம் நல்லா தெரிஞ்சுது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0ங்கற பாதுகாப்பு வசதி சிஸ்டத்துல வேணும், இன்டெல்னா 8வது தலைமுறையில இருந்துதான் அதிகாரப்பூர்வமா ஏத்துக்கும். அசெம்பிள் சிஸ்டம் வெச்சிருந்தவங்க போர்டு, ப்ராசஸர், ராம் மூணையும் மட்டும் மாத்திட்டு கேபினெட், எஸ்எஸ்டி, எஸ்எம்பிஎஸ், மானிட்டர் எல்லாம் பழசயே வெச்சுக்கலாம். கழட்டுன பழைய போர்டையும் தூக்கிப் போட வேணாம், விண்டோஸுக்கு பதிலா இலவசமா கெடைக்கற லினக்ஸ் மின்ட் போட்டு தங்கச்சி படிக்கறதுக்கோ பிரவுசிங் சென்டர்ல ஒரு மூலைக்கோ ஆகும்.

ரிப்பேர் விஷயத்துக்கு வருவோம். நீங்களே மாட்டுன சிஸ்டம்னா எது எங்க இருக்குன்னு கைக்குத் தெரியும், பாதி கோளாறு வீட்டுலயே முடிஞ்சுடும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக்காத்து, ராம்ல தங்கக் கலர்ல இருக்கற பல்லு மங்கிப்போயி ஒரு நாள் சிஸ்டம் ஆன் ஆகும் ஆனா ஸ்க்ரீன்ல ஒண்ணும் வராது, சிலதுல பீப் பீப்னு கத்தும். பிளக்க புடுங்கிட்டு, ராம கழட்டி, பள்ளிக்கூடத்துப் பசங்க பென்சில் அழிக்கற ரப்பரால அந்தப் பல்ல மெதுவா தேச்சு, தூள ஊதிட்டு திரும்ப மாட்டுங்க, நிறைய தடவ இதுலயே சரியாயிடும், கடைக்குக் கொண்டுபோனாலும் முதல்ல இதத்தான் பண்ணுவாங்க. இன்னொண்ணு, சிஸ்டம் ஆன் பண்ணும்போதெல்லாம் தேதி பல வருஷம் பின்னாடி போயி நிக்கும், எந்த வெப்சைட் திறந்தாலும் பாதுகாப்பு இல்லேன்னு மிரட்டும், நெட் கோளாறுன்னு நெட்காரர திட்டுவாங்க. போர்டுல காசு மாதிரி வட்டமா ஒரு பேட்டரி இருக்கும், சிஆர்2032னு பேரு, அது தீந்துடுச்சு, வாட்ச் கடையிலயே கெடைக்கும், நகத்தால நெம்பி எடுத்துட்டு புதுச வெச்சா முடிஞ்சுது.

அறுப்பு சமயத்துல மெஷின் ஓடுச்சுன்னா பதரும் தூசியும் ரோட்டோரத்து வீடு பூரா வரும், அதெல்லாம் ப்ராசஸர் ஃபேன்ல போயி பஞ்சு மாதிரி அடைச்சுக்கும், சூடு ஏறி சிஸ்டம் மெதுவாயிடும். அதனால கேபினெட் வாங்கறப்ப முன்னாடி வலையும் கழட்டி அலசற ஃபில்டரும் இருக்கான்னு பாருங்க, முன்பக்கம் பூரா கண்ணாடி, உள்ள கலர் கலரா லைட்டு எரியறது அழகுதான் ஆனா காத்து எங்கேருந்து வரும்? அப்புறம் பின்னாடி கார்டு மாட்டற எடத்துல சின்ன தகடு எதையாவது எடுத்துட்டு திறந்து விட்டிருந்தா மூடிடுங்க, அந்த சூட்டுக்கு பல்லி உள்ள போயி எஸ்எம்பிஎஸ் பக்கம் குடித்தனம் பண்ணும், ஒரு நாள் டப்புன்னு சத்தம் வந்து பல்லியும் போகும் போர்டும் போகும். ஐப்பசி கார்த்திகைல மழை பிடிச்சு தெருவுல தண்ணி நிக்கற ஊருன்னா சிஸ்டத்த தரையில வெக்காதீங்க, மேசை மேலதான்.

மாட்டறது கஷ்டமான்னு கேட்டா, பயப்பட வேண்டிய எடம் ஒண்ணே ஒண்ணுதான், ப்ராசஸர உக்கார வெக்கிறது. ப்ராசஸர் ஒரு மூலையில குட்டியா ஒரு முக்கோணம் இருக்கும், சாக்கெட்லயும் அதே மாதிரி ஒரு முக்கோணம், ரெண்டையும் நேர் பண்ணி, லீவர தூக்கிட்டு, ப்ராசஸர மெதுவா மேல விடணும், தானா எறங்கும். அழுத்தவே கூடாது. ஏஎம்4ல பின் எல்லாம் ப்ராசஸர் அடியில இருக்கும், ஏஎம்5லயும் இன்டெல்லயும் சாக்கெட்ல இருக்கும், எங்க இருந்தாலும் ஒண்ணு வளைஞ்சா தலைவலி, வாரண்டியிலயும் அத ஏத்துக்க மாட்டாங்க. லீவர இறக்கும்போது இன்டெல் சாக்கெட்டு கரகரன்னு ஒரு சத்தம் போடும், உடைஞ்சுடுச்சோன்னு நெஞ்சு படபடக்கும், அது அப்படித்தான். பாக்ஸோட வர்ற கூலர் அடியில சாம்பல் கலர்ல பேஸ்ட்டு ஏற்கனவே தடவியிருக்கும், கை வைக்காதீங்க, மேல இன்னொரு தடவ பேஸ்ட்டு வேணாம். ராம் நேர் மாறு, அதுக்கு பயந்து பயந்து அழுத்துனா சரியா உக்காராது, ரெண்டு கட்ட விரலாலயும் நல்லா அழுத்தி டக்குன்னு சத்தம் வரணும், நாலு ஸ்லாட் இருந்து ரெண்டு ராம் போடறீங்கன்னா ப்ராசஸர்ல இருந்து எண்ணி 2வது, 4வது ஸ்லாட்ல போடுங்க. எஸ்எம்பிஎஸ்ல இருந்து போர்டுக்கு ரெண்டு வயர் போகும், அகலமான 24 பின் ஒண்ணு, ப்ராசஸருக்குன்னு மேல் மூலையில 8 பின் ஒண்ணு, இந்த ரெண்டாவத மறந்துட்டு போர்டு டெட்னு கடைக்குத் தூக்கிட்டு போறவங்க ஏராளம். கிராபிக்ஸ் கார்டு போட்டிருந்தா மானிட்டர் கேபிள கார்டுல சொருகணும், போர்டுல சொருகிட்டு படம் வரலேன்னு உக்காந்திருக்காதீங்க. ஸ்டேட்டிக் பத்தி வெளிநாட்டு வீடியோல எல்லாம் கைக்கு பட்டை கட்டச் சொல்லுவாங்க, நம்ம ஊர் ஈரக்காத்துல அந்தளவுக்கு ஏறாது, வேலை ஆரம்பிக்கும் முன்ன கேபினெட் இரும்ப ஒரு தடவ தொட்டுட்டு ஆரம்பிங்க, ஏசி ரூம்னா கொஞ்சம் கூடுதல் ஜாக்கிரதை.

குறையும் சொல்லிடறேன். ரெடிமேடுல ஏதாவது போனா ஒரே நம்பருக்கு போன் பண்ணா போதும், சில பிளான்ல ஆளே வீட்டுக்கு வருவாங்க. அசெம்பிள்ல ப்ராசஸருக்கு ஒரு கம்பெனி, போர்டுக்கு ஒரு கம்பெனி, ஒவ்வொண்ணுக்கும் தனி வாரண்டி. இதுல ஒரு நல்லதும் இருக்கு, ப்ராசஸர், போர்டுக்கெல்லாம் வழக்கமா 3 வருஷம், நல்ல எஸ்எஸ்டிக்கு 5 வருஷம்கூட குடுப்பாங்க, ரெடிமேடுல மொத்த சிஸ்டத்துக்கும் பெரும்பாலும் 1 வருஷம்தான். ஆனா எந்தப் பார்ட் போச்சுன்னு கண்டுபிடிக்கறது நம்ம வேலை. விண்டோஸும் தனியா காசு குடுத்துதான் வாங்கணும், கடையில "போட்டுத் தரேன் சார்"ம்பாங்க, அது லைசன்ஸா என்னன்னு கேட்டுக்கோங்க, கணக்கு வழக்கு ஓடற சிஸ்டத்துல கிராக் பண்ண விண்டோஸ் வேணவே வேணாம். அப்புறம் டெஸ்க்டாப்புக்கு பேட்டரி கிடையாது. 2018 நவம்பர்ல கஜா புயல் வந்து கம்பமெல்லாம் சாஞ்சு கெடந்தப்ப ஜெனரேட்டர வாடகைக்கு எடுத்து ஊரே செல்போன் சார்ஜ் போட்டோம்ல, அந்த மாதிரி நேரத்துல லேப்டாப்தான் ஆகும். ஊர் ஊரா போய் வேலை பாக்கறவங்க, ஹாஸ்டல்ல தங்கிப் படிக்கறவங்க, இவங்களுக்கு அசெம்பிள் பண்ணுங்கன்னு நான் சொல்லவே மாட்டேன்.

எங்க வாங்கறது? சென்னை போற வேலை இருந்தா ரிச்சி ஸ்ட்ரீட், இல்லேன்னா திருச்சி, தஞ்சாவூர்லயே கடைங்க இருக்கு, ஆன்லைன்லயும் கெடைக்கும். என் யோசனை, விலைய ஆன்லைன்ல பாத்துட்டு உள்ளூர் கடையில பேசிப் பாருங்க, நூறு இருநூறு கூட இருந்தாலும் போர்டு, எஸ்எம்பிஎஸ் ரெண்டையும் பக்கத்துலயே வாங்குங்க, கோளாறு வர்ற வாய்ப்பு அதுல அதிகம், மாத்தித் தர ஆள் பக்கத்துல வேணும். மாட்ட பயமா இருந்தா கடையிலயே மாட்டச் சொல்லிட்டு கூட நில்லுங்க, டீ குடிச்சிட்டு வாங்கன்னு அனுப்புனாலும் போகாதீங்க. பில்லுல ஒவ்வொரு பார்ட்டுக்கும் சீரியல் நம்பர் எழுதி வாங்குங்க, மொத்தமா "கம்ப்யூட்டர் 1"னு போட்ட பில்ல வெச்சுக்கிட்டு வாரண்டிக்குப் போனா திருப்பி அனுப்பிடுவாங்க. கடை வெச்சிருக்கறவங்க ஜிஎஸ்டி நம்பர் போட்டு பில் வாங்குனா கட்டுற 18 சதவீதத்த இன்புட்ல, அதாவது நீங்க கட்டவேண்டிய ஜிஎஸ்டியில கழிச்சு எடுத்துக்கலாம், ஆடிட்டர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க. காலி டப்பாவ பழைய பேப்பர்காரருக்குப் போடாம வாரண்டி முடியற வரைக்கும் பரண்ல போட்டு வைங்க, சில கம்பெனி டப்பா மேல இருக்கற ஸ்டிக்கரயும் கேப்பாங்க.